எவன்டேல் உயர்சக்கர மிதிவண்டித் திருவிழாவுக்கு மோட்டார் சைக்கிளில்: அப்பாவைப் பின்னால் அமர்த்திச் செல்ல எந்த வழி ஏற்றது?

கேள்வி: நெடுவழி

அனைவருக்கும் வணக்கம். மெல்பர்னில் வசிக்கிறேன். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டி வைத்திருக்கிறேன். டாஸ்மேனியாவில் லான்செஸ்டன் நகருக்குத் தெற்கே இருக்கும் எவன்டேல் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் கோடையில், பெரிய முன்சக்கரமும் சிறிய பின்சக்கரமும் கொண்ட, பென்னி ஃபார்த்திங் எனப்படும் உயர்சக்கர மிதிவண்டிகளுக்கான தேசியப் போட்டி நடைபெறுகிறது. 1983இல் தொடங்கிய அந்தத் திருவிழாவை இந்த முறை நேரில் காண விரும்புகிறேன்.

தனியே போவதாக இருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். கும்பகோணத்துக்கு அருகில் நெடுங்காலம் சைக்கிள் கடை நடத்திய என் அப்பா அப்போது எங்களுடன் இருப்பார். வயது அறுபதைக் கடந்துவிட்டது. ஆனால் உடல் திடமாக இருக்கிறது, ஊரில் இன்றும் தம்பியின் வண்டியில் பின்னால் அமர்ந்து தொலைதூரம் போய் வருகிறார். சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதில் அவருக்கு இணையாக எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பார்கள். உயர்சக்கர வண்டியின் படத்தைக் காட்டியபோது, இவ்வளவு நீளமான போக்ஸ் கம்பிகளை எப்படி இறுக்கியிருப்பார்கள், இதில் ஏறுவது எப்படி, நிறுத்துவது எப்படி என்று அடுக்கடுக்காகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நான் அறிய விரும்புவன இவை. கப்பலில் இறங்கும் டெவன்போர்ட்டிலிருந்து எவன்டேல் வரை, விரைவுச்சாலையைத் தவிர்த்து, பழைய ஊர்களின் ஊடாகச் செல்லும் வழி எது? திருவிழாவுக்குப் பிறகு சில நாள்கள் சுற்றினால் எந்தப் பக்கம் போகலாம்? பின்னிருக்கையில் வயதானவர் இருப்பதால் எதைத் தவிர்க்க வேண்டும்? அப்பாவின் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் அதையும் எழுதினால், பயணத்துக்கு முன்பே அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

மறுமொழி: லான்செஸ்டன்வாசி

வணக்கம் நெடுவழி. எவன்டேலிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில் வாழ்பவள் என்ற உரிமையில் முதலில் எழுதுகிறேன். அப்பாவை அவசியம் அழைத்து வாருங்கள்.

ஜீலாங்கிலிருந்து வரும் இரவுக் கப்பல் காலையில் டெவன்போர்ட்டை அடையும். வண்டித்தளத்தில் மோட்டார் சைக்கிள்களைப் பட்டைகளால் கட்டி நிறுத்துவார்கள். கப்பல் புறப்பட்டபின் அந்தத் தளத்துக்குச் செல்ல முடியாது என்பதால், அப்பாவின் மருந்துகளும் கம்பளி உடையும் கைப்பையில் இருக்கட்டும். உயிரிப் பாதுகாப்புச் சோதனை இங்கே கண்டிப்பானது. பழம், காய்கறி, செடி, விதை எதுவும் தீவுக்குள் வரக்கூடாது. பொட்டலத்தில் ஒட்டிக்கொண்டு வரும் பச்சைக் கறிவேப்பிலையும் அதில் அடங்கும்.

டெவன்போர்ட்டில் இறங்கியதும் பெரும்பாலோர் நேரே பாஸ் நெடுஞ்சாலையைப் பிடித்து லான்செஸ்டனுக்கு விரைந்துவிடுகிறார்கள். நீங்கள் தெற்கே திரும்பி ஷெஃபீல்டுக்குப் போங்கள். ரோலண்ட் மலையின் அடிவாரத்தில் உள்ள அந்த ஊர், பிழைப்பு குறைந்துகொண்டிருந்த காலத்தில், 1986 முதல் தன் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டத் தொடங்கி அவற்றாலேயே பெயர் பெற்றது. அங்கிருந்து மோல் கிரீக் வழியாக டெலோரேன், பிறகு பழைய சாலையில் வெஸ்ட்பரி, ஹேக்லி, காரிக் என்று வாருங்கள். ஹாதார்ன் என்னும் முட்செடி வேலிகளும் பழைய செங்கல் வீடுகளும் கொண்ட மேய்ச்சல் நிலம் இது. இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் நினைவில் சுமந்து வந்தவர்கள் அவற்றைப் போலவே இந்த மண்ணை மாற்றியமைத்தார்கள். அவர்களுக்கு முன்பு பல்லாயிரம் ஆண்டுகள் இங்கே வாழ்ந்த மக்களின் நிலம் இது என்பதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள், ஏனெனில் சாலையோரப் பலகைகள் அதை அரிதாகவே சொல்கின்றன.

காரிக்கிலிருந்து லாங்ஃபோர்டுக்குத் திரும்புங்கள். மோட்டார் வண்டியை நேசிப்பவர் அந்த ஊரில் சற்று நேரம் தங்கியே ஆகவேண்டும். 1953 முதல் 1968 வரை அங்கே பொதுச்சாலைகளிலேயே பந்தயம் நடந்தது. ஏறத்தாழ 7.2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுற்று, பாலங்களைக் கடந்து, ரயில் மேம்பாலத்தின் அடியில் நுழைந்து, மதுக்கடை வாசலில் வளைந்து சென்றது. 1959இலும் 1965இலும் ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீ அங்குதான் நடைபெற்றது. இன்று அதே சாலையில் பால் வண்டிகளுக்குப் பின்னால் மெதுவாகச் செல்கிறோம். ஊருக்கு வெளியே உள்ள பிரிக்கெண்டன், உல்மர்ஸ் ஆகிய இரு பண்ணைகளும் 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஆஸ்திரேலியக் கைதித் தலங்களைச் சேர்ந்தவை; பிரிட்டனிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் உழைத்த இடங்கள் அவை. லாங்ஃபோர்டிலேயே அறை எடுப்பது நல்லது. திருவிழா நாள்களில் எவன்டேலில் இடம் கிடைப்பது கடினம்.

எவன்டேல் மிகச் சிறிய ஊர். திருவிழாவன்று தெருக்களை அடைத்து, ஊரின் நடுவிலேயே பந்தயம் நடத்துகிறார்கள். பந்தயக்காரர்களில் பலர் விக்டோரியா காலத்து உடையில் வருவார்கள், பார்வையாளர்களும் அப்படியே. விரைவுப் பந்தயம், தொடரோட்டம், வளைந்து வளைந்து ஓட்டும் போட்டி எல்லாம் உண்டு. காலை ஊன்றாமல் கடைசியாக வந்து சேர்பவர் வெல்லும் மெதுவோட்டப் போட்டியை அப்பா மிகவும் ரசிப்பார் என்று தோன்றுகிறது. நம் ஊர்ப் பொங்கல் விழாக்களில் நடத்தும் ஸ்லோ சைக்கிள் ரேஸ்தான் அது, உயரம் மட்டும் வேறு. புறப்படும் கோட்டருகே கூட்டம் நெருக்கும். கூரிய திருப்பம் ஒன்றின் அருகே இடம் பிடியுங்கள், ஓட்டுபவரின் திறமை அங்கேதான் தெரியும். தேதி ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறுவதால், கப்பல் சீட்டு எடுப்பதற்கு முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு, அதை அழுத்தமாகவே சொல்கிறேன். பொழுது சாய்ந்தபின் ஊர்ப்புறச் சாலையில் வண்டி ஓட்டாதீர்கள். வாலபி, பாடிமெலன், வோம்பட், போசம் போன்ற காட்டு விலங்குகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் சாலைக்கு வருகின்றன. காலையில் சாலையோரம் கிடக்கும் உடல்களைப் பார்த்தால் நான் சொல்வது மிகையில்லை என்று புரியும். வோம்பட் குறுகிய காலும் கனத்த உடலும் கொண்டது. இருவர் அமர்ந்த வண்டி அதில் மோதினால் நிலைநிற்காது. பிப்ரவரியில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கிறது. ஏழு மணிக்குள் அறைக்குத் திரும்பும்படி ஒவ்வொரு நாளையும் திட்டமிடுங்கள்.

மறுமொழி: ஆரக்கால்

நெடுவழி அவர்களின் தந்தையாருக்கு என் வணக்கங்கள். பழைய மிதிவண்டிகளைச் செப்பனிடுவதில் நெடுநாள் ஈடுபாடு உள்ளவன் என்ற முறையில் அவருடைய கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். சைக்கிள் கடை நடத்தியவருக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வண்டியில் செயின் கிடையாது, மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியே சுழலவிடும் பிரீவீலும் கிடையாது. பெடல் நேரே முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெடலை ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறைதான் சுற்றும். எனவே வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை, அதற்கு எல்லை வகுப்பது ஓட்டுபவரின் கால் நீளம். 54 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4.3 மீட்டர் ஓடும். தந்தையார் கையாண்ட வண்டிகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 28 அங்குலச் சக்கரம், முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்துக்கொண்டால், அது 68 அங்குலச் சக்கரத்துக்குச் சமமாகி, ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர் அளவுக்கு ஓடுகிறது. 68 அங்குலச் சக்கரத்தின் மேல் அமர்ந்து பெடலை எட்டக்கூடிய கால் எவருக்கும் இல்லை. செயினும் பல்சக்கரமும் நம்பகமாக அமைந்தவுடன் உயர்சக்கர வண்டியின் காலம் முடிந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் வண்டி, இரண்டு சக்கரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவாக்கி, பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டியது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இந்த இரண்டும் சேர்ந்தபின் பெரிய சக்கரத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று.

இனி போக்ஸ் கம்பி. மரச்சக்கரத்தில் ஆரம் பாரத்தை அடியிலிருந்து தாங்குகிறது. கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் இழுத்துக் கட்டப்பட்டு, ரிம்மை எல்லாப் பக்கமும் ஒருசேர இழுத்துப் பிடிக்கிறது. பாரிஸைச் சேர்ந்த யூஜின் மேயர் 1869இல் இவ்வகைச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் கம்பிகள் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பிலிருந்து நேராகவே சென்றன. ஆனால் பெடலை மிதிக்கும்போது ஹப் முந்திக்கொண்டு திரும்ப, ரிம் சற்றுப் பின்தங்க, கம்பிகளின் அடி முறுகியது. கோவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்ற முறையில் கம்பிகள் ஹப்பின் விளிம்பைத் தொட்டவாறு சாய்ந்து, ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. அதனால் மிதிக்கும் விசை கம்பியின் நீளவாக்கிலேயே ரிம்முக்குப் போகிறது. தந்தையார் வாழ்நாள் முழுவதும் பின்னிய சக்கரம் அதே அமைப்புத்தான். எவன்டேலில் அவர் காணப்போவது தம் தொழிலின் மூத்த தலைமுறையை. பந்தயத்தில் ஓடுபவை பெரும்பாலும் பழைய முறைப்படி புதிதாகச் செய்யப்பட்டவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசல் வண்டிகளும் வரும், அவற்றைப் போட்டிக்கு இடையே நிறுத்தி வைத்திருக்கும்போது அருகில் சென்று பார்க்கலாம்; உடையவர்கள் பேசுவதற்கு ஆர்வமாக இருப்பார்கள்.

ஏறுவது இப்படி. முதுகுத்தண்டு போன்ற வளைந்த குழாயில், சிறிய பின்சக்கரத்துக்கு மேலே ஒரு சிறு படி இருக்கும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலை அந்தப் படியில் வைத்து, மற்றொரு காலால் தரையை உந்தி, வண்டி போதிய வேகம் பெற்றவுடன் இருக்கைக்கு எழுந்து, சுற்றிக்கொண்டிருக்கும் பெடலைக் கால்களால் தேடிப் பிடிக்க வேண்டும். இறங்குவது இதன் மறுதலை. நிறுத்துவதற்குப் பெடலைப் பின்னோக்கி அழுத்தி எதிர்ப்பது முதன்மை வழி. டயரின் மேல் அழுந்தும் கரண்டி பிரேக்கும் உண்டு, ஆனால் அதைத் திடீரென்று பிடித்தால் பின்சக்கரம் எழும்பி, ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார். அவர் அமர்ந்திருப்பது முன்னச்சுக்குச் சற்றே பின்னால்தான் என்பதால், சாலையில் கிடக்கும் சிறு கல்லும் அவரைக் கவிழ்த்துவிடக்கூடும். இறக்கத்தில் கால்களைக் கைப்பிடிக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இதனால்தான் வந்தது. விழுந்தாலும் கால் முதலில் தரையைத் தொடும்.

திருப்பத்தருகே நிற்கும்படி லான்செஸ்டன்வாசி கூறியதற்கு ஒரு காரணம் சேர்க்கிறேன். மிதிப்பதும் திருப்புவதும் ஒரே சக்கரத்தில் நடப்பதால், ஒவ்வொரு மிதியும் கைப்பிடியை ஒரு பக்கம் இழுக்கிறது. நேர்ச்சாலையிலேயே ஓட்டுபவர் கைகளால் அதற்கு எதிராக இழுத்துக்கொண்டே செல்கிறார். திருப்பத்தில் சக்கரம் தொடையை உரசும், மிதிப்பதையும் விடமுடியாது. கெட்டி ரப்பர் டயரின் பிடிப்பு எவ்வளவு என்பதை மட்டும் நம்பி அவர்கள் சாய்வதை உங்கள் தந்தை வேறு கண்ணோடு பார்ப்பார்.

இன்னொரு செய்தி அவருக்குப் பிடிக்கும். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 50 அங்குலச் சக்கரம் கொண்ட கொலம்பியா வண்டியில் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் உலகப் பயணத்தை முடித்தார். அந்தப் பயணத்தில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலையில் அவர் ஓட்டியதும் அந்த வண்டியைத்தான். நீங்கள் ஏறிச் செல்லும் வண்டியின் பெயரும் இதே வரலாற்றில் பிறந்தது: ரெட்டிச் நகரில் மிதிவண்டி செய்துகொண்டிருந்த என்ஃபீல்டு நிறுவனம் 1901இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது, 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது.

மறுமொழி: மலைப்பாதை

மேற்கண்ட இரு பதில்களையும் மனமார ஏற்கிறேன். ஆனால் திருவிழாவுக்குப் பிந்தைய நாள்களைப் பற்றி எவரும் எழுதவில்லை.

என் கருத்தில் முதலில் தெற்கே காம்பெல் டவுனும் ராஸும் போய்வர வேண்டும். காம்பெல் டவுனில் கைதிகள் கட்டி 1838இல் முடித்த செங்கல் பாலத்தின் மேல் இன்றும் நெடுஞ்சாலை செல்கிறது. ராஸ் பாலம் 1836இல் முடிந்தது. அதன் வளைவுகளில் உள்ள 186 சிற்பக் கற்களைச் செதுக்கிய டேனியல் ஹெர்பெர்ட் ஒரு கைதி, அந்த வேலைக்காகவே அவருக்கு விடுதலை கிடைத்தது. பாலத்தின் மேலே வண்டியில் போனால் எதுவும் தெரியாது. இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்து சென்று கீழிருந்து பாருங்கள்.

பிறகு கொனாராவில் கிழக்கே திரும்பி அவோகா, ஃபிங்கல், செயின்ட் மேரிஸ் வழியாகக் கடற்கரைக்கு வந்து, செயின்ட் ஹெலன்ஸிலிருந்து வெல்ட்பரோ கணவாய் ஏறி டெர்பிக்கு வாருங்கள். டெர்பி ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்க ஊர். 1929 ஏப்ரலில் மேலே இருந்த அணை உடைந்து 14 பேர் மாண்டனர். சுரங்கத் தொழில் நின்றபின் வெறிச்சோடிக் கிடந்த ஊருக்கு, 2015இல் திறக்கப்பட்ட மலை மிதிவண்டித் தடங்கள் மறுவாழ்வு தந்தன. எவன்டேலில் 1870களின் மிதிவண்டியைப் பார்த்துவிட்டு டெர்பியில் இன்றைய மிதிவண்டியைப் பார்ப்பது ஒரே பயணத்தில் அமைவது அரிது.

டெர்பியிலிருந்து ஸ்காட்ஸ்டேல், அங்கிருந்து சைட்லிங் மலைச்சாலை வழியாக லான்செஸ்டன். அந்தச் சாலையின் வளைவுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. மரம் ஏற்றிய பெரிய லாரிகளும் அதே சாலையில் வருகின்றன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நெடுவழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆரக்கால் அவர்களின் பதிலை அப்பாவுக்குத் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டினேன். 44 பல், 18 பல் கணக்கை அவரே ஒருமுறை போட்டுப் பார்த்துச் சரி என்றார். கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் அந்தக் காலத்தில் மெல்லிய கம்பியால் சுற்றிப் பற்றவைத்தார்களா என்று கேட்கச் சொன்னார்.

மேலும் இரண்டு ஐயங்கள். வெல்ட்பரோ, சைட்லிங் இரண்டும் பின்னால் அமர்பவருக்கு அலுப்பூட்டுமா? அப்பா ஊரிலிருந்து தம் தலைக்கவசத்தையே கொண்டுவருவதாகச் சொல்கிறார், அது இங்கே செல்லுமா?

ஆரக்கால்

ஆம், அப்படிச் செய்த சக்கரங்கள் உண்டு. குறுக்கிடும் புள்ளியில் மெல்லிய கம்பியைச் சுற்றி ஈயப்பற்று வைத்தால், ஒரு கம்பி அறுந்தாலும் அது தொங்காமல் பக்கத்துக் கம்பியோடு நிற்கும், சக்கரமும் சற்று விறைப்பாக இருக்கும் என்பது அக்கால நம்பிக்கை. அசல் வண்டிகளில் அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

லான்செஸ்டன்வாசி

தலைக்கவசத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் உள்ள தலைக்கவசம் ஆஸ்திரேலியச் சட்டப்படி செல்லாது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தர முத்திரையோ ஐரோப்பிய ஈ.சி.ஈ. 22.05 அல்லது 22.06 முத்திரையோ இருக்க வேண்டும். அவர் மெல்பர்ன் வந்தவுடன் கடைக்கு அழைத்துச் சென்று, அணிந்து பார்த்து வாங்குங்கள். பயணத்துக்கு முன் சில நாள்கள் அணிந்து பழகினால்தான் நெற்றியில் அழுத்துகிறதா என்பது தெரியும்.

மலைச்சாலைகளைப் பற்றி மலைப்பாதை அவர்களோடு சற்று மாறுபடுகிறேன். வளைவுகள் ஓட்டுபவருக்கு இன்பம் தரும். பின்னால் அமர்பவருக்கோ ஒவ்வொரு வளைவிலும் உடலை இறுக்கிப் பிடிக்கும் வேலைதான் மிஞ்சும். ஆகவே செயின்ட் ஹெலன்ஸிலிருந்து லான்செஸ்டன் வரை ஒரே மூச்சில் வராமல், டெர்பியில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் காலை பனி விலகியபின் சைட்லிங்கில் ஏறினால் நண்பகலுக்குள் வந்துவிடலாம். பின் ஸ்பிரிங்கை இருவர் எடைக்கு ஏற்ப இறுக்கி, மெல்பர்னிலேயே அப்பாவுடன் ஒரு நாள் மலைச்சாலையில் ஓட்டிப் பாருங்கள். கம்பளி உடையைக் கோடைதானே என்று விட்டுவிட வேண்டாம், பிப்ரவரியிலும் உயரமான இடங்களில் குளிர்காற்று எலும்பைத் தொடும். பென் லோமண்ட் மலைக்கு எவன்டேலிலிருந்து செல்லும் வழி உங்கள் கண்ணில் படும். அதன் உச்சிக்கு ஏறும் ஜேக்கப்ஸ் லேடர் சரளைக்கல் சாலை, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. இருவர் அமர்ந்த வண்டியில் அங்கே போக வேண்டாம்.

எவன்டேலில் ஞாயிறுதோறும் சந்தை கூடுகிறது. பழைய கருவிகள், ஸ்பேனர்கள், பித்தளைச் சாமான்கள் விற்பவர்கள் வருவார்கள். சைக்கிள் கடைக்காரருக்கு அங்கே அரைநாள் வேண்டும், அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.